அமானிதமும் தானமும்: அந்தமானிலிருந்து ஒரு தொடக்கம்

புது தில்லி: மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தை 1994-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றியபோது, அச்சட்டம் முதற்கட்டமாக எங்கெங்கே பொருந்தும் என்பதை அதன் தொடக்கப் பிரிவே வரையறுத்தது. கோவா, ஹிமாசலப் பிரதேசம், மகாராஷ்டிரம் ஆகிய 3 மாநிலங்களும், அவற்றோடு நாட்டின் அனைத்து யூனியன் பிரதேசங்களும் அப்பட்டியலில் இடம்பெற்றன. 1995 பிப்ரவரி 4-ஆம் தேதி சட்டம் நடைமுறைக்கு வந்தது. தமிழகம் பின்னரே அதை ஏற்றுக்கொண்டது. உறுப்பு மாற்று அறுவைச் சிகிச்சைக்குப் பெயர்போன சென்னைக்கு முன்பாகவே அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு இச்சட்டம் போய்ச் சேர்ந்துவிட்டது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம்.

காரணம் எளிது. சுகாதாரம் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. மாநிலங்கள் தத்தம் சட்டப்பேரவையில் தீர்மானம் இயற்றினால்தான் இத்தகைய மத்தியச் சட்டம் அங்கே செல்லுபடியாகும். அந்தமானுக்குச் சட்டப்பேரவை கிடையாது. தில்லியில் உள்ள நாடாளுமன்றமே அதன் சட்டமன்றம். மக்களவையில் அத்தீவுகளுக்கு இருப்பதும் ஒரே ஓர் இடம்தான். எனவே, தீவு மக்களின் கருத்தைத் தனியே கேட்டறிய வேண்டிய கட்டாயம் எழாமலேயே சட்டம் அங்கே அமலாகிவிட்டது.

சட்டம் கடலைக் கடக்க ஒரு நாள் போதும். ஆனால், இறந்தவரின் உடலில் கத்தி படலாமா என்ற கேள்விக்கு விடை அரசிதழில் கிடைப்பதில்லை. அது வீட்டிலும் வழிபாட்டுத் தலத்திலும் தேடப்படும் விடை. குறிப்பாக, முஸ்லிம் குடும்பங்களில் இக்கேள்வி மார்க்கத்தோடு நேரடியாகப் பிணைந்திருக்கிறது. அந்தமான் முஸ்லிம்களை முன்னிறுத்தி இதைப் பேசுவதற்கு வலுவான காரணங்கள் உள்ளன.

பல ஊர்களின் முஸ்லிம்கள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபாரின் மக்கள்தொகை 3,80,581. இவர்களில் முஸ்லிம்கள் சுமார் 8.5 சதவீதம், அதாவது 32 ஆயிரத்துச் சொச்சம் பேர். எண்ணிக்கை சிறிதே ஆயினும், இவர்கள் ஒரே வார்ப்பில் அமைந்த சமூகம் அல்லர்.

1857 எழுச்சிக்குப் பின் வட இந்தியாவிலிருந்து கைதிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் ஒரு பிரிவினர். 1921 மலபார் கிளர்ச்சிக்குப் பின் ஆங்கிலேயரால் நாடு கடத்தப்பட்ட மாப்பிள்ளை முஸ்லிம்கள் மற்றொரு பிரிவினர். தெற்கு அந்தமானில் காலிகட், மஞ்சேரி, வண்டூர், திரூர், மன்னார்காடு எனத் தாங்கள் பிரிந்து வந்த ஊர்களின் பெயர்களையே புதிய குடியிருப்புகளுக்கும் சூட்டிக்கொண்டவர்கள் அவர்கள். வணிகத்துக்கும் அரசுப் பணிக்கும் கூலி வேலைக்கும் வந்த தமிழ் முஸ்லிம்களும் உண்டு.

மார்க்கச் சட்ட மரபிலும் இந்த வேறுபாடு தொடர்கிறது. வட இந்திய முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஹனஃபி மத்ஹபைச் சார்ந்தவர்கள். மாப்பிள்ளைமார் ஷாஃபியீ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். தமிழ் முஸ்லிம்களிடையே இரு மரபுகளும் உள்ளன. ஒருவர் ஃபத்வாவுக்காகத் தேவ்பந்தை நோக்குவார். அண்டை வீட்டுக்காரர் கேரளத்து ஆலிமை நோக்குவார். ஒரே மருத்துவமனையின் இரு கட்டில்களுக்கு இரு வேறு விடைகள் வரக்கூடிய இடம் அந்தமான்.

இறந்த உடலின் கண்ணியம் என்பது இத்தீவுகளில் வெறும் தத்துவ விவாதம் அன்று. செல்லுலார் சிறையில் 1933-ஆம் ஆண்டு உண்ணாவிரதம் இருந்து, வலுக்கட்டாயமாக உணவு செலுத்தப்பட்டதால் உயிர் நீத்த புரட்சியாளர் மகாவீர் சிங்கின் உடல், உறவினரிடம் ஒப்படைக்கப்படாமல் கடலில் விடப்பட்டது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை கார் நிக்கோபாரையும் கச்சாலையும் சூறையாடியபோது, உடலே கிடைக்காமல் போன குடும்பங்கள் ஏராளம். கைதியின் உடல் அரசின் உடைமையாக இருந்த மண் அது. கடல் கொண்டுபோன உடலுக்காகக் கரையில் காத்திருந்த மண்ணும் அதுவே. அங்கே ஒரு குடும்பம், "உடலை முழுமையாக அடக்கம் செய்ய வேண்டும்" என்று விரும்புவதை அறியாமை என்று தள்ளிவிட எவருக்கும் உரிமை இல்லை.

மறுப்போரின் வாதம்

முஸ்லிம்கள் உறுப்பு தானத்துக்குத் தயங்குவது ஏன் என்ற கேள்விக்குத் தலைநகரில் பொதுவாகக் கிடைக்கும் விடை, "மதம் தடுக்கிறது" என்பதே. இது அரைகுறையான விடை. மறுப்போரும் ஏற்போரும் ஒரே குர்ஆனையும் ஒரே நபிமொழித் தொகுப்புகளையும் கையில் வைத்துக்கொண்டே பேசுகின்றனர் என்பது கவனிக்கத்தக்கது.

மறுப்போரின் வாதம் உறுதியான அடித்தளம் கொண்டது. உடல் என்பது இறைவன் மனிதனிடம் ஒப்படைத்த அமானிதம். தனக்குச் சொந்தமில்லாத ஒன்றை ஒருவர் பிறருக்கு வழங்க முடியாது; வஸிய்யத்தாக எழுதிவைக்கவும் முடியாது. இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பதற்குச் சமம் என்ற கருத்தமைந்த நபிமொழியும் இவ்வாதத்துக்குத் துணை நிற்கிறது. குளிப்பாட்டி, கபன் இட்டு, ஜனாஸா தொழுகை நடத்தி, தாமதமின்றி நல்லடக்கம் செய்வது சமூகத்தின் மீதான கடமை. இந்த அடிப்படையில்தான் பாகிஸ்தானின் முஃப்தி முஹம்மது ஷஃபி உறுப்பு மாற்றுக்கு எதிரான நிலையை எடுத்தார். தேவ்பந்த் தாருல் உலூம் வழங்கியுள்ள ஃபத்வாக்களும் இதே திசையில் அமைந்தவை.

இந்தியாவின் இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதெமி நடுவழி ஒன்றைக் கண்டது. காஜி முஜாஹிதுல் இஸ்லாம் காஸ்மியின் முயற்சியால் உருவான அந்த அமைப்பு, 1989-இல் தில்லியில் கூட்டிய கருத்தரங்கிலேயே உறுப்பு மாற்றுப் பிரச்னையை ஆராய்ந்தது. உயிருக்குப் போராடும் உறவினருக்கு, வேறு வழியே இல்லாத நிலையில், விலை பெறாமல் ஒருவர் தம் சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுக்கலாம் என்று அது இசைவு தெரிவித்தது. இறந்த பின் உறுப்பைக் கொடுக்குமாறு எழுதிவைப்பதை மட்டும் ஏற்கவில்லை.

ஏற்போரின் வாதம்

ஏற்போரின் அணியும் சிறியதன்று. மலேசியாவின் தேசிய ஃபத்வா மன்றம் 1970-ஆம் ஆண்டிலேயே இதயம், கண் ஆகியவற்றை மாற்றிப் பொருத்துவதை அனுமதித்தது. சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் குழு 1982-இலும், மக்காவில் உள்ள உலக முஸ்லிம் லீக்கின் ஃபிக்ஹ் மன்றம் 1985-இலும், நிபந்தனைகளோடு இசைவளித்தன. இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் சர்வதேச ஃபிக்ஹ் அகாதெமி 1988-இல் ஜித்தாவில் கூடி, இறந்தவரின் உறுப்பை எடுப்பதற்கான நெறிகளை வகுத்தது. இறந்தவர் அல்லது அவர்தம் வாரிசுகளின் சம்மதம் வேண்டும், வணிகம் கூடாது, உயிர் அல்லது உடலின் இன்றியமையாத ஒரு செயல்பாடு அதைச் சார்ந்திருக்க வேண்டும் என்பன அவற்றில் முக்கியமானவை.

ஓர் உயிரைக் காப்பவர் மனிதகுலத்தையே காத்தவர் ஆவார் என்ற குர்ஆனியக் கருத்தே இவர்களின் முதல் ஆதாரம். நிர்ப்பந்தமான நிலையில் தடுக்கப்பட்டதும் அனுமதிக்கப்பட்டதாகும் என்ற சட்ட விதி அடுத்தது. முன்னோர் நூல்களிலிருந்தும் ஒரு சான்றைக் காட்டுகின்றனர். கருவுற்ற பெண் இறந்துவிட, வயிற்றில் குழந்தை உயிரோடு இருந்தால், தாயின் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்கலாம் என்று ஹனஃபி, ஷாஃபியீ ஆகிய இரு மரபுகளின் அறிஞர்களும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கூறியுள்ளனர். இறந்த உடலின் கண்ணியத்தைவிட உயிருள்ளவரின் தேவை முந்தியது என்ற தத்துவம் அதில் அடங்கியிருக்கிறது என்பது இவர்களின் வாதம்.

இவ்விரு அணியினருக்கும் இடையே உண்மையாகவே சிக்கலான இடம் ஒன்று உண்டு. அது மூளைச்சாவு. 1986-இல் அம்மானில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாதெமி, மூளையின் செயல்பாடுகள் மீளமுடியாதபடி நின்றுவிட்டதை மரணமாக ஏற்றது. ஆனால் 1987-இல் மக்கா மன்றமோ, அந்நிலையில் செயற்கைச் சுவாசக் கருவியை அகற்றலாம் என்று கூறியபோதிலும், மூச்சும் இதயத் துடிப்பும் நின்ற பின்னரே மரணத்துக்கு உரிய சட்டங்கள் பொருந்தும் என்றது. இதயமும் நுரையீரலும் கல்லீரலும் பெரும்பாலும் மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்தே பெறப்படுகின்றன. மார்பு ஏறித் தாழ்வதைக் கண்ணால் காணும் ஒரு தாயிடம், "உங்கள் மகன் இறந்துவிட்டான்" என்று சொல்வது எந்த மதத்தவருக்கும் எளிதில் ஏற்கக்கூடிய செய்தி அன்று.

மதம் மட்டும்தானா தடை?

2023-ஆம் ஆண்டில் இந்தியா முழுவதிலும் இறந்த பின் உறுப்பு வழங்கியோர் 1,099 பேர். 140 கோடி மக்கள் வாழும் நாட்டில், 10 லட்சம் பேருக்கு ஒருவர் என்ற கணக்குக்கூட எட்டப்படவில்லை. அதே ஆண்டில் நடந்த 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பு மாற்று அறுவைச் சிகிச்சைகளில் மிகப் பெரும்பாலானவை உயிரோடு இருக்கும் உறவினர் கொடுத்த உறுப்புகளால் நடந்தவை. ஏறத்தாழ 14 சதவீதமே உள்ள முஸ்லிம்களின் தயக்கத்தால் இந்நிலை வந்தது என்று எவரேனும் சொன்னால், எஞ்சிய 86 சதவீதம் பேரின் கணக்கை அவர் சொல்ல வேண்டியிருக்கும்.

அவநம்பிக்கைக்கு மதம் சாராத காரணங்களும் உள்ளன. சென்னையின் வில்லிவாக்கத்துக்குச் "சிறுநீரகவாக்கம்" என்ற பொருளில் அவப்பெயர் வந்ததும், ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்டு எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவப் பெண்கள் சிறுநீரகத்தை விற்ற செய்தி 2007-இல் வெளியானதும் மக்கள் மனதிலிருந்து மறைந்துவிடவில்லை. ஏழையின் உறுப்பு பணக்காரருக்குப் போகும் என்ற அச்சத்தை உபதேசத்தால் போக்க முடியாது. ஒளிவுமறைவற்ற நடைமுறையால்தான் போக்க முடியும்.

பிறர் நலனுக்காகத் தம் உடலை வருத்திக்கொள்வது முஸ்லிம் சமூகத்துக்கு அந்நியமானதன்று. தமிழகத்தில் இரத்த தான முகாம்களை நடத்துவதில் தவ்ஹீத் ஜமாஅத்தும் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகமும் ஆற்றிவரும் பணி ஊரறிந்தது. 2004 ஆழிப்பேரலையின்போது நாகப்பட்டினத்தில் மதம் பாராமல் சடலங்களை மீட்டு அடக்கம் செய்த முஸ்லிம் இளைஞர்களை நாடு கண்டது. 2020, 2021 கரோனா காலத்தில், சொந்த உறவினரே நெருங்க அஞ்சிய உடல்களை அவரவர் மத முறைப்படி அடக்கம் செய்ததும் அத்தகைய தன்னார்வலர்களே. ஒரு காலத்தில் இரத்தம் கொடுப்பதே கேள்விக்கு உள்ளானதுதான். ஆலிம்கள் விவாதித்தனர்; நிர்ப்பந்தத் தேவை என்ற அடிப்படையில் இசைவு வந்தது; இன்று அது இயக்கமாகவே வளர்ந்துவிட்டது.

சிங்கப்பூர் கடந்த பாதை

வங்கக் கடலுக்கு அப்பால் உள்ள சிங்கப்பூரின் அனுபவம் அந்தமானுக்குப் பாடமாக அமையக்கூடியது. அங்கே இஸ்லாமிய சமய மன்றத்தின் ஃபத்வாக் குழு 1973-இல் உறுப்பு மாற்றைக் கூடாது என்றது. 1986-இல், நிர்ப்பந்தத் தேவையைக் காரணம் காட்டிச் சிறுநீரக தானத்தை ஏற்றது. 1987-இல் சிங்கப்பூர் அரசு கொண்டுவந்த சட்டம், மறுப்பைப் பதிவு செய்யாத அனைவரையும் கொடையாளராகவே கருதியது. ஆனால் முஸ்லிம்களுக்கு மட்டும் விலக்கு அளித்தது. அவர்கள் விரும்பினால் தாமே முன்வந்து உறுதிமொழி எழுதித் தரலாம்.

அந்த விலக்கு நாளடைவில் பாதகமாயிற்று. கொடையாளராகப் பதிவு செய்யாதவர்களுக்கு, உறுப்புக்குக் காத்திருப்போர் பட்டியலில் முன்னுரிமை கிடைக்கவில்லை. சிறுநீரகம் செயலிழந்த முஸ்லிம் நோயாளிகள் பின்வரிசையில் நின்றனர். மீண்டும் ஆலிம்களும் மருத்துவர்களும் கூடினர். 2007-இல் புதிய ஃபத்வா வந்தது. 2008-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. அவ்வாண்டு ஆகஸ்ட் முதல் முஸ்லிம்களும் மற்றவர்களைப் போலவே சட்டத்துக்குள் வந்தனர். விரும்பாதவர் விலகிக்கொள்ளும் உரிமை அப்படியே இருந்தது.

"கூடாது" என்பதிலிருந்து "கூடும்" என்பதை எட்ட 34 ஆண்டுகள் ஆயின. மார்க்கம் மாறவில்லை. மார்க்கத்தை அறிந்தவர்கள் மருத்துவத்தையும் அறிந்துகொள்ள நேரம் ஒதுக்கினர். அரசும் அவர்களைப் புறக்கணித்துவிட்டுச் செல்லவில்லை. இந்தியச் சட்டமோ சிங்கப்பூரைவிட மென்மையானது. இங்கே சம்மதம் தெரிவிக்காத எவரிடமிருந்தும் எதையும் எடுக்க முடியாது. இறந்தவர் உயிரோடு இருந்தபோது மறுப்புத் தெரிவித்திருந்தாலோ, நெருங்கிய உறவினர் ஆட்சேபித்தாலோ, அதோடு முடிந்தது. ஆகவே கட்டாயம் பற்றிய அச்சத்துக்கு இங்கே இடமில்லை.

கண்ணிலிருந்து தொடங்கலாம்

அந்தமானில் முதல் அடி எதுவாக இருக்க வேண்டும்? புவியியலும் மார்க்க விவாதமும் ஒரே திசையைக் காட்டுகின்றன. அது கண் தானம்.

உடலிலிருந்து எடுக்கப்பட்ட இதயம் 4 முதல் 6 மணி நேரத்துக்குள் பொருத்தப்பட வேண்டும். சென்னையோ கடல் வழியே ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்காகத் தீவு மக்கள் சென்னை, வேலூர், கொல்கத்தா மருத்துவமனைகளை நாடிப் போவதே நெடுநாளைய வழக்கம். சிறுநீரகம் ஒரு நாள்வரை தாக்குப்பிடிக்கும் என்றாலும், மூளைச்சாவை உறுதி செய்யும் மருத்துவர் குழு, 6 மணி நேர இடைவெளியில் இரு முறை சோதனை, தீவிர சிகிச்சைப் பராமரிப்பு, விமான நேரம் என அனைத்தும் கூடிவர வேண்டும்.

கருவிழிக்கு இத்தனை நிபந்தனைகள் இல்லை. இதயத் துடிப்பு நின்ற பின், சாதாரணமான மரணத்துக்குப் பிறகே அதை எடுக்கலாம். எனவே மூளைச்சாவு பற்றிய கருத்து வேறுபாடு இங்கே குறுக்கிடாது. இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். அதற்கு அரை மணி நேரம் போதும். வீட்டிலேயே எடுக்கலாம். முகம் சிதையாது. குளிப்பாட்டுவதும் தொழுகையும் அடக்கமும் அன்றைய தினமே குறித்த நேரத்தில் நடக்கலாம். இரத்தப் பிரிவு பொருந்த வேண்டிய அவசியமும் இல்லை. உரிய திரவத்தில் வைத்தால் கருவிழி பல நாள்கள் தாங்கும். விமானம் ஏறிச் சென்னை வந்து சேர அது தாராளமான அவகாசம்.

தீவிலிருந்து கண் பயணம் செய்வது புதுமையும் அன்று. இலங்கையில் டாக்டர் ஹட்சன் சில்வா 1961-இல் தொடங்கிய கண் தான சங்கம், 1964 முதல் வெளிநாடுகளுக்குக் கருவிழிகளை அனுப்பி வருகிறது. அவற்றைப் பெற்ற நாடுகளில் பாகிஸ்தான் முக்கியமானது. பௌத்தர்கள் கொடுத்த கண்களால் பார்வை பெற்ற முஸ்லிம்கள் அந்நாட்டில் பலர். அதே பாகிஸ்தானில், ஆதரவற்றோரின் தந்தை என்று போற்றப்பட்ட அப்துல் சத்தார் எதி, 2016 ஜூலை 8-ஆம் தேதி காலமானபோது தம் கண்களை வழங்கிச் சென்றார். முதுமையும் நோயும் மற்ற உறுப்புகளைப் பயனற்றவை ஆக்கிவிட்டன. கண்கள் மட்டும் இருவருக்குப் பயன்பட்டன. மக்கள் அவருக்கு நடத்திய ஜனாஸா தொழுகையில் எந்தக் குறையும் நேர்ந்துவிடவில்லை.

கண் தானத்தையும் மறுக்கும் ஆலிம்கள் உள்ளனர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கண் போனாலும் உயிர் போகாதே, அப்படியிருக்க நிர்ப்பந்தம் எங்கே வந்தது என்று அவர்கள் கேட்கின்றனர். பார்வையும் உடலின் இன்றியமையாத செயல்பாடே என்று ஜித்தா தீர்மானத்தை ஒட்டி மற்றவர்கள் பதில் சொல்கின்றனர். இவ்விவாதத்தில் தீர்ப்புக் கூற வேண்டியது செய்தித்தாளோ அமைச்சகமோ அல்ல. ஆனால், விவாதம் நடந்தே ஆக வேண்டும் என்று சொல்லும் உரிமை எல்லோருக்கும் உண்டு.

தில்லியின் கடமை

நாடாளுமன்றத்துக்கு இதில் தனிப் பொறுப்பு இருக்கிறது. 2011-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், உறுப்புகளோடு திசுக்களையும் சட்ட வரம்புக்குள் கொண்டுவந்தது. நரம்பியல் நிபுணர் கிடைக்காத இடத்தில், தகுதியுள்ள அறுவைச் சிகிச்சை நிபுணரோ பொது மருத்துவரோ மயக்க மருந்து நிபுணரோ மூளைச்சாவு உறுதிக் குழுவில் இடம்பெறலாம் என்றது. உரிய பயிற்சி பெற்ற தொழில்நுட்பப் பணியாளரே கருவிழியை எடுக்கலாம் என்றும் அனுமதித்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவரின் உறவினரிடம் தானம் பற்றி எடுத்துச்சொல்வதை மருத்துவமனையின் கடமையாக்கியது. 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இத்திருத்தங்களை அந்தமானுக்காகவே செய்தவை என்று சொன்னாலும் மிகையாகாது. நிபுணர்கள் குறைந்த, தொலைவு மிகுந்த இடங்களுக்கே அவை பெரிதும் பயன்படும்.

2015-இல் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. ஜி.பி. பந்த் மருத்துவமனை அதனோடு இணைந்து செயல்படுகிறது. தலைநகரான போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயரும் மாற்றப்பட்டது. பெயர் மாற்ற ஓர் அறிவிப்பு போதும். ஆனால், டிக்லிபூரிலும் ரங்கத்திலும் கார் நிக்கோபாரிலும் ஒருவர் இறந்தால், 6 மணி நேரத்துக்குள் அந்த வீட்டுக்கு ஒரு பயிற்சி பெற்ற பணியாளர் போய்ச் சேர வேண்டும். அதற்கு ஆள் வேண்டும், படகு வேண்டும், நிதி வேண்டும். இவற்றைத் தருவதற்கு முன்பாக மக்களிடம் தானம் பற்றி உபதேசிப்பது முறையாகாது.

உறுப்பு ஒதுக்கீட்டில் சென்னையில் இயங்கும் மண்டல அமைப்பின் வரம்புக்குள்ளேயே அந்தமானும் வருகிறது. உறுப்பு பெறப் பதிவு செய்ய மாநில இருப்பிடச் சான்று தேவையில்லை என்று 2023-இல் மத்திய அரசு அறிவித்திருப்பது தீவு நோயாளிகளுக்கு ஆறுதல் தரும் முடிவு. ஆயினும் பெறும் வழி திறந்த அளவுக்குக் கொடுக்கும் வழியும் திறக்க வேண்டும். பெறுவது மட்டும் தீவுக்கு வாய்த்து, கொடுப்பது வாய்க்காமல் போனால், அது தீவு மக்களின் தன்மானத்துக்கும் உகந்ததன்று.

பேச வேண்டிய இடம்

ஜமாஅத்துகளுக்கும் கடமை உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவருகே நிற்கும் குடும்பத்துக்குச் சில மணி நேரமே அவகாசம். அந்த வேளையில் தொலைபேசியில் ஓர் ஆலிமை அழைத்து, "கூடுமா, கூடாதா" என்று கேட்கும் நிலை அக்குடும்பத்துக்கும் நல்லதன்று, அந்த ஆலிமுக்கும் நல்லதன்று. மரணம் நேர்ந்த வீட்டில் மார்க்க ஆராய்ச்சி நடத்த இயலாது.

ஆகவே, அமைதியான ஒரு நாளில் இப்பேச்சு தொடங்க வேண்டும். தெற்கு அந்தமானின் மாப்பிள்ளை கிராமங்களின் ஆலிம்கள், நகரத்துப் பள்ளிவாசல்களின் ஹனஃபி இமாம்கள், தமிழ் ஜமாஅத்தினர், வக்ஃப் வாரியத்தினர், மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர்கள் ஆகியோர் ஓர் அரங்கில் கூடட்டும். மருத்துவர்கள் தாங்கள் செய்வதை மறைக்காமல் சொல்லட்டும். ஆலிம்கள் தங்கள் ஆட்சேபங்களைத் தயங்காமல் எழுப்பட்டும். பெண்கள் அந்த அரங்கில் அவசியம் இருக்க வேண்டும்; குடும்பத்துக்குள் உயிரோடு சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்களே. முடிவு எதுவாயினும், அது எழுத்தில் வந்து, ஜும்மா பயானில் சொல்லப்பட்டு, ஒவ்வொரு வீட்டையும் எட்ட வேண்டும்.

அம்முடிவு "கண் மட்டும் கூடும்" என்று வரலாம். "உறவினருக்கு உயிரோடு கொடுப்பது மட்டும் கூடும்" என்று வரலாம். இரு மத்ஹபுகளுக்கு இரு முடிவுகளும் வரலாம். எதுவும் குற்றமன்று. மறுப்பவரையும் மதிக்கும்போதுதான் தானம் தானமாகிறது. மதிக்கத் தவறினால் அது பறிப்பாகிவிடும்.

விலங்கு பூட்டிக் கப்பலேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அத்தீவுகளின் குடிமக்கள். அவர்களின் முன்னோருக்குத் தம் உடல் மீது எந்த உரிமையும் விட்டுவைக்கப்படவில்லை. இன்று சட்டம், உயிரோடு இருக்கும்போது மட்டுமன்றி இறந்த பின்னும், கொடுக்கவும் மறுக்கவும் அவர்களுக்கு உரிமை தந்திருக்கிறது. அந்த உரிமையை எப்படிப் பயன்படுத்துவது என்பதை அவர்களே கூடிப் பேசி முடிவு செய்யட்டும். அந்த முடிவை நிறைவேற்றத் தேவையான படகையும் பணியாளரையும் தில்லி அனுப்பி வைக்கட்டும். 1995-இல் சட்டம் கடலைக் கடந்துவிட்டது. அதற்குத் துணையாகப் போயிருக்க வேண்டியவை இனியும் கரையில் காத்திருக்கலாகாது.